மூன்று வாரத்துக்கு மட்டும் மக்ரூன்

முந்திரிப் பருப்பும் சர்க்கரையும் சேர்ந்து மெல்லச் சூடேறும் வாசனைக்கு விசா தேவையில்லை. கோபே ரயில் நிலையத்தின் அடித்தளக் கடைத்தெருவில், தும்மினால்கூட மன்னிப்புக் கேட்கும் கூட்டத்தின் நடுவே, அது நேராக என் மூக்கைத் தேடி வந்து நின்றது. ஒரு நொடியில் எனக்கு ஒன்பது வயது. தூத்துக்குடியில் எங்கள் வீட்டின் பின்கட்டு முழுக்க பேக்கரி. மக்ரூனுக்கு முட்டையின் வெள்ளைக்கரு மட்டும் போதும். மஞ்சள்கரு முழுவதும் வீட்டுக்கு வந்துவிடும். காலையில் மஞ்சள்கருப் பொரியல், மத்தியானம் மஞ்சள்கருக் குழம்பு, ராத்திரிக்குக் காலையில் மிஞ்சிய பொரியல். உலகம் எங்கள் மக்ரூனைத் தின்று மகிழ்ந்தது. மக்ரூன் வேண்டாம் என்று ஒதுக்கியதைத் தின்று நாங்கள் வளர்ந்தோம். வசன கவிதை எழுத உங்களைத் தூண்டியது எது என்று கேட்பவர்களுக்கு இதுவரை நான் பொய்யான பதில்களையே சொல்லி வந்திருக்கிறேன்.

“ஏளா செல்வி, என்ன அங்கன நின்னு மோந்துக்கிட்டு இருக்க? பெட்டிய இழு,” என்றார் மதினி.

மதினி என் அண்ணனின் மனைவி. பேக்கரியை நடத்துபவர் அவர்தான்; கல்லாவில் உட்கார்ந்து பேப்பர் படிக்கும் பெரும்பொறுப்பை அண்ணன் ஏற்றிருக்கிறார். முப்பது வருடங்களாக முட்டை வெள்ளையை அடித்துப் பழகிய வலது கை மதினிக்கு. அந்தக் கையை நீட்டி அவர் பேசினால் எதிரில் நிற்பவர் தானாகவே நுரைத்துவிடுவார். ஆங்கிலம் தெரிந்த துணை வேண்டும் என்று என்னை இழுத்து வந்திருந்தார். என் ஆங்கிலத்தை ஜப்பான்காரர்கள் தலையசைத்து, புன்னகைத்து, சுத்தமாகப் புரிந்துகொள்ளாமல் அனுப்பி வைத்தார்கள். என் கவிதைக்கு ஊரில் கிடைக்கும் அதே மரியாதை.

மதினியின் ஒரே மகள் அபிநயா மூன்று வருடங்களாக இந்த ஊரில் வேலை பார்க்கிறாள். ஜப்பான் முழுக்கக் கிளை பரப்பிய ஒரு பேக்கரிக் கம்பெனி. அதன் தொழில் ரகசியம் மிக எளிது: எதையும் நிரந்தரமாக விற்காதே. ஓர் இனிப்பை அடுப்பிலிருந்து எடுத்து, கண்ணாடிக்குள் வைத்து, ‘மூன்று வாரத்துக்கு மட்டும்’ என்று எழுதி ஒட்டிவிடுவார்கள். நாலாவது வாரம் அதைக் கேட்டால், இறந்துபோனவரைப் பற்றிக் கேட்டதுபோலத் தலை தாழ்த்துவார்கள். மக்கள் பதறியடித்து வரிசையில் நிற்பார்கள். நம் ஊரில் கொஞ்ச நேரத்துக்கு மட்டும் கிடைப்பது குழாய்த் தண்ணீர். அதற்கும் வரிசை உண்டு. யாரும் படம் எடுத்துப் போடுவதில்லை, அவ்வளவுதான்.

இந்த முறை மூன்று வாரத்துக்கு மட்டும் விற்பது தூத்துக்குடி மக்ரூன். அபியின் யோசனை. விற்றால், புதுப் பண்டங்களை உருவாக்கும் பிரிவில் அவளுக்கு நிரந்தர வேலை. விற்காவிட்டால் ஒப்பந்தம் முடிந்தது, பெட்டி கட்ட வேண்டியதுதான். நாங்கள் போய் இறங்கியபோது முதல் வாரம் முடிந்திருந்தது. மக்ரூன் நொண்டிக்கொண்டிருந்தது.

“புள்ளைக்கு ஒத்தாசையா இருக்கப் போறேன்” என்றுதான் மதினி ஊரில் சொல்லிவிட்டு வந்திருந்தார். உண்மையான காரணத்தை விமானம் கடல் மேல் பறக்கும்போது என் காதில் சொன்னார்.

“அது தோத்துட்டுன்னா புள்ள வீட்டுக்கு வந்துரும்லா. வேற எதுக்கு இம்புட்டுத் தூரம் வாரேன்? கையோட கூட்டிட்டுப் போயிரலாம்.”

அபி தானாகத் திரும்பி வருவாள் என்று யாரும் நம்பவில்லை. ஜப்பானுக்குப் போகிறேன் என்று மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்து, தெருவே கேட்க அம்மாவோடு சண்டை போட்டுவிட்டுப் போனவள். அப்படிப் போனவள் சும்மா திரும்பி வந்தால், ‘ஓடி வந்துட்டா’ என்று சொல்வதற்கு எங்கள் தெருவில் ஆட்கள் பல் விளக்கிவிட்டுத் தயாராக உட்கார்ந்திருக்கிறார்கள். அந்தப் பெயரோடு அங்கே வாழ்வதைவிட ஜப்பானிய எழுத்துகளை இன்னொரு முறை முதலிலிருந்து படித்துவிடலாம்.

முதல் நாளே கடைக்குப் போனோம். நகைக்கடையும் ஆஸ்பத்திரியும் கல்யாணம் செய்து பெற்ற பிள்ளைபோல இருந்தது கடை. அத்தனை சுத்தம், அத்தனை வெளிச்சம். வெள்ளைத் தொப்பியும் வெள்ளைக் கையுறையுமாக அபி நின்றாள். அம்மாவைப் பார்த்ததும் வேலை நேரத்தில் எவ்வளவு சிரிக்கலாமோ அவ்வளவு மட்டும் சிரித்தாள். பக்கத்தில் மேலாளர் மோரி-சான், அறுபதை நெருங்கும் ஒல்லியான மனிதர், எங்களைக் கண்டதும் இடுப்பிலிருந்து மடிந்தார். மதினியும் மடிந்தார். அவர் மறுபடி மடிந்தார். விட்டிருந்தால் சாயங்காலம் வரை போயிருக்கும்.

எல்லாவற்றையும் சுவைத்துப் பார்க்கச் சொன்னார்கள். எலுமிச்சைச் சீஸ் டார்ட். “புளிச்ச பால்கோவா,” என்றார் மதினி. பச்சைத் தேயிலை கேக். “கஷாயத்துல தொவைச்ச பன்னு.” கடலுப்பு தூவிய பிஸ்கட், இதுவும் மூன்று வாரத்துக்கு மட்டும். மேலே ஆறேழு உப்புப் பரல்கள், ஒவ்வொன்றும் தனக்கென்று குறிக்கப்பட்ட இடத்தில் உட்கார்ந்திருந்தன. உப்பு மலை மலையாகத் தார்ப்பாய் போர்த்திக் கிடக்கும் ஊரிலிருந்து வந்த மதினி, அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். “எண்ணிப் போட்டிருக்கான்ளா.”

கடைசியில் மக்ரூன். கூம்பாக, நுனி வளைந்து, ஒவ்வொன்றும் தனித்தனிக் காகிதத் தொட்டிலில். பக்கத்தில் அழகான எழுத்தில் ஓர் அட்டை. அபி வாசித்து மொழிபெயர்த்தாள்: “தென்னிந்தியாவின் முத்து நகரிலிருந்து. முத்துக் குளிப்போர் கடலில் இறங்குமுன் உண்ட பழம்பெரும் இனிப்பு.”

“எவன் சொன்னான்?”

“விளம்பரப் பிரிவுல எழுதுனதும்மா.”

“முத்துக் குளிக்கவன் வாய் நெறைய மக்ரூன வச்சிக்கிட்டு எப்படிளா மூச்சடக்குவான்?”

மோரி-சான் ஆர்வத்தோடு அபியைப் பார்த்தார். “அட்டை ரொம்ப அழகா இருக்குன்னு அம்மா சொல்லுதாங்க,” என்பதாக ஏதோ அபி சொல்லியிருக்க வேண்டும். அவர் மறுபடி மடிந்தார்.

மக்ரூனை மதினி கடித்தார். மொறுமொறுவென்று உடைந்து, நாக்கில் பட்டதும் காணாமல் போகும் அந்தக் கணம் அவர் முகத்தில் தெரிந்தது. நானும் கடித்தேன். சரியாக இருந்தது. எரிச்சலூட்டும் அளவுக்குச் சரியாக இருந்தது. பிறகு ஏன் விற்கவில்லை?

விடை பத்து நிமிடத்தில் கிடைத்தது. ஆறு மக்ரூன் உள்ள ஒரு பெட்டியைக் கட்டிக் கொடுத்தார்கள். கல்லாப் பெண் எதையோ கேட்டாள்.

“வீட்டுக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும்னு கேக்காங்கம்மா,” என்றாள் அபி.

“அது அவளுக்கு எதுக்கு?”

இனிப்பு வாங்கும் எல்லோரிடமும் அப்படிக் கேட்பார்களாம். அரை மணி நேரம் என்றால் ஒரு ஐஸ் பொதி. ஒரு மணி நேரம் என்றால் இரண்டு. கிரீம் கேக் கெட்டுப்போகாமல் இருக்க யாரோ எப்போதோ ஆரம்பித்த உபசாரம். இப்போது எல்லாப் பெட்டிக்கும் அதுவே விதி. அந்தப் பெண் இரண்டு கைகளாலும் குழந்தையைத் தூக்குவதுபோல ஐஸ் பொதியை எடுத்து, துணிபோன்ற காகிதத்தில் சுற்றி, மக்ரூன்களுக்குப் பக்கத்தில் படுக்க வைத்து, பெட்டியை மூடினாள்.

ஹோட்டல் அறைக்கு வந்து பெட்டியைத் திறந்தோம். மூடியின் உட்புறம் வியர்த்திருந்தது. மக்ரூன்கள் தோள் சரிந்து, ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து, கல்யாண வீட்டில் விடிந்தபின் கிடக்கும் சொந்தக்காரர்களைப்போல இருந்தன. ஒன்றைக் கடித்தேன். பல்லோடு வந்தது, வர மறுத்தது, மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மதினி மூடியைத் தன் கட்டைவிரலால் ஒருமுறை துடைத்தார். விரலைப் பார்த்தார். சேலையில் தடவிக்கொண்டார்.

என் மதினி ஒன்றும் சொல்லாமல் இருந்ததை அன்றுதான் முதன்முறையாகப் பார்த்தேன். பயமாக இருந்தது.

மறுநாள் காலையில் அறையை விட்டுக் கிளம்பும்போது பேச்சை எடுத்தேன்.

“மதினி, அந்த ஐஸு...”

“வாய மூடிட்டு வா.”

“புள்ளைட்ட ஒரு வார்த்தை சொன்னா...”

“சொன்னா? சொன்னா வித்துரும். வித்தா இவ இங்கனயே கெடப்பா. நான் என்ன மக்ரூன்ல மண்ண அள்ளியா போட்டேன்? சும்மாதான இருக்கேன். சும்மா இருக்கது தப்பால?”

அவர் உணர்ச்சிவசப்பட்டால் பெண்ணையும் ‘ஏலே’ கணக்கில் சேர்த்துவிடுவார். நான் வாயை மூடினேன். எனக்கும் அந்தச் சும்மாயிருத்தலில் பங்கு கிடைத்தது. அபிக்குத் தெரியாதா என்று கேட்கலாம். பத்தாம் வகுப்பிலிருந்து ஹாஸ்டலில் வளர்ந்தவள், சென்னையில் ஏதோ கேட்டரிங் படித்தவள். பின்கட்டில் நின்று கை சுட்டுக்கொண்டவள் இல்லை. அவளுக்கு எங்கே தெரியப்போகிறது என்று இருவரும் நிம்மதியாக முடிவு செய்துகொண்டோம்.

சும்மா இருப்பது களைப்பான வேலை. அதை மறக்க ஊர் சுற்றினோம். ஒரு பெரிய கடையின் மீன் பகுதியில் மதினி நெடுநேரம் நின்றார். மீன்கள் செவ்வகமாக, எலும்பும் கண்ணும் இல்லாமல், பிளாஸ்டிக் உறைக்குள் தியானம் செய்துகொண்டிருந்தன. “தலைய எங்களா? தலையப் பாக்காம எந்த நம்பிக்கையில வாங்குதது?” என்றார். எங்கள் ஊர்த் திரேஸ்புரத்தில் காலையில் மீன் ஏலம் விடும்போது எழும் சத்தத்தை இங்கே ஒருமுறை ஒலிபரப்பினால் நிலநடுக்கம் என்று எண்ணி மேசைக்கடியில் போய்விடுவார்கள்.

திரும்பும் வழியில் ரயில் எங்களைக் கடத்திக்கொண்டு போனது. சரியான நடைமேடை, சரியான நேரம், நொடி பிசகாமல் வந்தது. ஏறினோம். எங்கள் நிலையம் ஜன்னலில் தெரிந்தது, கையசைத்தது, பின்னால் போய்விட்டது. அதற்கடுத்த நிலையமும் அப்படியே. சில ரயில்கள் சில நிலையங்களைக் கண்டுகொள்ளாதாம்.

“இது பைபாஸ் ரைடர்ளா!” என்று மதினி அலறினார்.

திருநெல்வேலியிலிருந்து கோவில்பட்டிக்கு ஏறிவிட்டு, கயத்தாறு ஊருக்குள் போகாது என்று நடுவழியில் தெரிந்துகொண்டவர்களுக்கு இந்த அனுபவம் புதிதல்ல. ஆனால் அங்கே கத்தினால் டிரைவர் வண்டியை மேம்பாலத்தடியில் ஓரங்கட்டுவார், நாலு வசவோடு இறக்கிவிடுவார். இங்கே யாரிடம் கத்துவது? பெட்டி முழுவதும் தூங்கிக்கொண்டிருந்தது. எதிரில் இருந்த ஒரு கிழவி மட்டும் கண் திறந்து, எங்களைப் பார்த்து, வெகு இரக்கத்தோடு மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள். ஹிமேஜியில் இறங்கினோம். மலைமேல் வெள்ளையாக ஒரு கோட்டை தெரிந்தது. ஆயிரக்கணக்கானோர் பார்க்க ஏங்கும் கோட்டையை ஒரு தவறான ரயிலின் தயவால் பார்த்தோம். “சுண்ணாம்பு நல்லா அடிச்சிருக்கான்,” என்று மதினி சான்றிதழ் கொடுத்தார்.

மூன்றாம் நாள் முத்துக்கடை. கோபேயில் முத்து வியாபாரம் பெரிது. கடைக்காரப் பெண் படம் வைத்து விளக்கினாள்: சிப்பியைத் திறந்து, உள்ளே சின்ன மணியை வைத்து, கடலில் கூண்டில் தொங்கவிட்டு வளர்க்கிறார்கள். குளிப்பாட்டுகிறார்கள், பாசி துடைக்கிறார்கள், காய்ச்சல் வராமல் பார்த்துக்கொள்கிறார்கள். எங்கள் கடலில் இடுப்பில் கல்லைக் கட்டிக்கொண்டு குதித்தார்கள். பாதிப்பேர் காதிலிருந்து ரத்தம் வழிய மேலே வந்தார்கள். மீதிப்பேரைப் பற்றிக் கடல் இன்னும் பதில் சொல்லவில்லை. இப்போது எங்கள் ஊரில் முத்து விளைவது ‘முத்து நகர்’ என்று எழுதிய வரவேற்பு வளைவில் மட்டும்தான்.

“சிப்பிய பாட்டில் பால் குடுத்து வளக்கானுவ,” என்றார் மதினி. பிறகு, கண்ணாடிக்குள் வரிசையாக, ஒரே அளவில், ஒரே வெண்மையில் கிடந்த முத்துகளைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னார்: “அழகாத்தான் இருக்கு, சவம்.”

அன்று மாலை அபியின் வீட்டுக்குப் போனோம். வீடு என்றால், கதவைத் திறந்தால் சுவர். ஒரு தட்டு, ஒரு கிண்ணம், ஒரு கரண்டி. குளிர்பெட்டியில் தருவைகுளத்திலிருந்து வந்த கருவாடு நாலு உறைக்குள் பத்திரமாகச் சிறை வைக்கப்பட்டிருந்தது. ஒருமுறை வறுத்தாளாம். பக்கத்து வீட்டார் புகார் செய்யவில்லை. ஒரு பெட்டி நிறைய வாசனைத் திரவியம் பரிசளித்தார்களாம். அதற்குப் பிறகு அவள் வறுக்கவில்லை.

மதினி ஆரம்பித்தார். “என்னளா இது, குளிச்சித் தலை தொவட்டுத துண்டையா அடுப்பு மேல போட்டிருக்க? அரிசிய இப்படித் தெறந்தா வைக்கது? மூதி, ஒனக்கு எத்தனை தடவை சொல்ல?”

அபி சிரித்தாள். மடக்கி வைத்த சிரிப்பில்லை. பல் தெரிந்த சிரிப்பு. என் பக்கம் திரும்பி, “அத்தை, மூணு வருசமாச்சு, ஒருத்தரும் என்னைய ஏசல,” என்றாள். “தப்புப் பண்ணுனாகூட ‘அடுத்த தடவை சேர்ந்து கவனமா இருப்போம்’ங்காங்க.”

“நல்ல பழக்கம்தான,” என்றேன்.

“நல்ல பழக்கம்தான்,” என்றாள். அரிசிப் பையின் வாயைக் கட்டப் போய்விட்டாள்.

கவிஞர் என்று சொல்லிக்கொள்கிறேன். மனித மனத்தின் ஆழம் பற்றி மூன்று தொகுப்புகள் போட்டிருக்கிறேன். அந்தக் கணத்தில் எனக்குத் தோன்றியதெல்லாம், கருவாட்டை இப்போது வறுக்கலாமா கூடாதா என்பதுதான்.

நாலாம் நாள் கடைக்கு எதிரிலிருந்த பெஞ்சில் உட்கார்ந்து காப்பி என்ற பெயரில் வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தோம். இரண்டாவது வாரம் பாதி போயிருந்தது. மதினி ஆட்களை எண்ணிக்கொண்டிருந்தார். எலுமிச்சை டார்ட்டுக்குப் பதினோரு பேர். மக்ரூனுக்கு மூன்று பேர். அவர் முகத்தில் ஒரு சாந்தம் பரவியிருந்தது. தேர்தலில் எதிர்க்கட்சி தோற்றுக்கொண்டிருக்கும்போது வருமே, அது.

மக்ரூன் வாங்கிய மூன்றாவது ஆள், கோட்டு போட்ட ஒரு பெரியவர், எங்களுக்குப் பக்கத்து பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். யாருக்காகவோ காத்திருந்தார். முக்கால் மணி நேரம் ஆகியும் அந்த யாரோ வரவில்லை. பெரியவர் பெட்டியைத் திறந்தார். கைக்குட்டையை மடியில் விரித்தார். ஒரு மக்ரூனை எடுத்துச் சுற்றிலும் பார்த்து ரசித்தார். கடித்தார்.

வாய் நின்றுவிட்டது. மக்ரூன் பல்செட்டைப் பிடித்துக்கொண்டது, பல்செட் விடவில்லை. பெரியவர் கையால் வாயை மறைத்து, நெடுநேரம், யாருக்கும் தெரியாமல், கண்ணில் நீர் வர ஒரு யுத்தம் நடத்தினார். ஜெயித்தார். மீதியைக் காகிதத்தில் சுற்றினார். பெட்டிக்குள் வைத்தார். நாடாவை முன்பு இருந்தபடியே கட்டினார். பிறகு எழுந்து நின்று, கடையைப் பார்த்து, தலை தாழ்த்தி ஒரு வணக்கம் வைத்துவிட்டுப் போனார்.

மதினியின் காப்பிக் கோப்பை பெஞ்சில் தங்கிவிட்டது. மதினி இல்லை. நான் பார்க்கும்போது அவர் கடைக் கண்ணாடிக் கதவைத் தாண்டியிருந்தார்.

“காறித் துப்பிட்டுப் போயிருந்தாகூட சும்மா இருந்திருப்பேன்,” என்று உள்ளே அவர் குரல் கேட்டது. “கும்பிட்டுட்டுல்லா போறான் மனுசன்! நம்ம மக்ரூனத் தின்னுட்டு எவனாவது மரியாதைக்குக் கும்பிட்டிருக்கானா? இன்னொண்ணு குடுன்னுதான கேட்டிருக்கான்?”

நான் போய்ச் சேர்வதற்குள் கல்லா மேசைக்குப் பின்னால் புகுந்து, ஐஸ் பெட்டியைத் திறந்து, ஒரு பொதியை அந்த வலது கையில் தூக்கிப் பிடித்திருந்தார். ஜப்பானில் கல்லாவுக்குப் பின்னால் வாடிக்கையாளர் போவது, கோவிலில் கருவறைக்குள் செருப்போடு போவதற்குச் சமம். கல்லாப் பெண் மன்னிப்புக் கேட்டாள். மோரி-சான் ஓடி வந்து மன்னிப்புக் கேட்டார். எதற்கென்று இருவருக்கும் தெரியாது.

“மக்ரூன் என்ன சீலா மீனா, ஐஸ் போட? இது வெள்ளைக்கருவும் சீனியும். ஈரத்தக் கண்டா அப்படியே குடிச்சிரும். அடுப்பு தணிஞ்ச பொறவும் உள்ளயே வச்சி ராத்திரி பூரா காயப் போட்டு எடுக்கோம், இவன் பக்கத்துல பனிக்கட்டியப் படுக்க வைக்கான்! அபி, சொல்லுளா. இவருட்ட நான் சொன்னத அப்படியே சொல்லு.”

அபி அம்மாவைப் பார்த்தாள். மோரி-சானைப் பார்த்தாள். ஜப்பானிய மொழியில் நாலே வார்த்தை சொன்னாள். ரொம்பச் சுருக்கமான மொழி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மோரி-சான் குழப்பத்தோடு புன்னகைத்தார். புரியவில்லை. மதினி ஒருவரையும் நம்பவில்லை. இரண்டு பெட்டிகளை எடுத்து மேசையில் வைத்தார். ஒன்றில் ஐஸ் பொதி வைத்து மூடினார். இன்னொன்றைச் சும்மா மூடினார். சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார். ஒரு விரலைக் காட்டினார். ஒரு மணி நேரம். கைகட்டி நின்றார். மோரி-சானும் கைகட்டி நின்றார். வாடிக்கையாளர்கள் வந்தார்கள், வாங்கினார்கள், இந்த இருவரையும் ஏதோ மூன்று வாரத்துக்கு மட்டும் நடக்கும் நிகழ்ச்சி என்று எண்ணிப் படம் பிடித்துப் போனார்கள்.

நேரம் ஆனதும் மோரி-சான் முதல் பெட்டியிலிருந்து ஒன்றைத் தின்றார். மென்றார். இன்னும் மென்றார். இரண்டாவது பெட்டியிலிருந்து ஒன்றைத் தின்றார். மொறுக் என்ற சத்தம் கடை முழுக்கக் கேட்டது. சட்டைப் பையிலிருந்து குறிப்பேடு எடுத்து எழுத ஆரம்பித்தவர், இரண்டு பக்கம் எழுதினார். எழுதி முடித்ததும் மதினிக்கு முன்னால் மடிந்த மடிப்பு, இதுவரை மடிந்ததெல்லாம் வெறும் ஒத்திகை என்பதைக் காட்டியது.

தலைமை அலுவலகத்துக்குத் தொலைபேசி போனது. விதியை மாற்ற வேண்டுமே. ஐந்தாம் நாள் காலையில் ஒவ்வொரு கிளையிலும் ஓர் அட்டை: இந்த இனிப்புக்கு ஐஸ் பொதி வைப்பதில்லை, மன்னிக்கவும், இறுக மூடிய டப்பாவில் தருகிறோம், மன்னிக்கவும், காற்றுப் படாமல் வைக்கவும், மன்னிக்கவும். ஆறாம் நாள் வரிசை கதவைத் தாண்டியது. எலுமிச்சை டார்ட் தனியாக நின்றது. மோரி-சான் எல்லோரையும் அழைத்து நிற்கவைத்து, அபிக்குப் புதுப் பிரிவில் வேலை உறுதி என்று தலைமை அலுவலகம் சொல்லிவிட்டதாக அறிவித்தார். கைதட்டினார்கள். அபி குனிந்தாள். நிமிர அவள் எடுத்துக்கொண்ட நேரம் கொஞ்சம் அதிகம். இந்த ஊர் மரியாதை பிள்ளைக்கு முற்றிவிட்டது என்று நினைத்தேன்.

“கெடுத்துட்டேன்லா,” என்றார் மதினி தெருவில். “எங்கையாலயே கெடுத்துட்டேன்.”

“பின்ன எதுக்கு உள்ள போனீங்க?”

“எனக்கென்ன தெரியும்? கால் போச்சு.”

ஏழாம் நாள் விமான நிலையம். பெட்டிகளை அனுப்பியாயிற்று. பாதுகாப்புச் சோதனைக்கு முன்னால் கயிறு கட்டிய வரிசை. அதற்குமேல் அபி வர முடியாது. மதினி தெம்பாகத்தான் இருந்தார். “வேளாவேளைக்குச் சாப்பிடு. துண்டை அடுப்புல போடாத. வேலையப் பத்திரமாப் பாரு, பெரிய வேலை. ஊர்ல எல்லாத்துட்டயும் சொல்லுதேன்,” என்றெல்லாம் அடுக்கினார். வரிசை இரண்டடி நகர்ந்தது.

“அம்மா,” என்றாள் அபி. “ஐஸ் வச்சா மக்ரூன் நமத்துரும்னு எனக்குத் தெரியாதுன்னா நெனச்ச?”

மதினி நின்றார். பின்னால் வந்தவர் எங்கள்மேல் மோதி, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு சுற்றிப் போனார்.

“என்னளா சொல்லுத?”

“மொத நாளே தெரியும். நான் யாரு மவ?”

“தெரிஞ்சா அவருட்ட சொல்லித் தொலைக்க வேண்டியதுதான?”

“சொன்னா வித்துரும்லா.”

மதினியின் வலது கை எதையோ பிடிக்கப் போய், கயிற்றைப் பிடித்துக்கொண்டது.

“வித்தா இங்கனதான் இருக்கணும்,” என்றாள் அபி. அழவில்லை, பெட்டியில் என்ன இருக்கிறது என்று சொல்லும் குரல். “தோத்தா அவங்களே அனுப்பிருவாங்க. அனுப்பி வந்தா ஓடி வந்தேன்னு யாரும் சொல்ல முடியாதுல்லா. நீயும் ஒண்ணும் கேக்க மாட்டே. ஒண்ணரை வாரம் பல்லக் கடிச்சிட்டு இருந்தேன். நீ வந்து எல்லாத்தையும் சரி பண்ணிட்ட.”

மதினி என்னைப் பார்த்தார். “செல்வி, மூணு பேரும் தெரிஞ்சுக்கிட்டேவா சும்மா இருந்தோம்?”

“நீயுமா அத்தை?” என்றாள் அபி.

நான் தரையைப் பார்த்தேன். மிகவும் சுத்தமான தரை.

“மூணு கோட்டிக்காரிய,” என்றார் மதினி. சீருடைக்காரர் ஒருவர் வெள்ளைக் கையுறையால் எங்களை முன்னே போகும்படி வெகு பணிவாகக் கெஞ்சினார். மதினி நாலடி நடந்தார். திரும்பினார். கயிற்றுக்கு இந்தப் பக்கமிருந்து, திரேஸ்புரம் ஏலத்தில் சொன்னாலும் கேட்கும்படி சொன்னார்:

“ஏளா, இப்பம் ஜெயிச்சிட்டேல்லா? ஜெயிச்சிட்டு வாரவள எவன் ஓடி வந்தான்னு சொல்லுவான்? வேலை வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டு வா. வாரதுன்னா ஐப்பசிக்கு முந்தி வந்துரு. அடைமழையில நம்ம கடையிலயும் மக்ரூன் கெடையாது, வந்து சும்மா உக்காந்திருந்தா எனக்கு ஆவாது.”

“ஆவணியில வந்தா போதுமாம்மா?”

“போதும்.”